குடல்வால்

“இந்த அசிங்கத்த இண்டைக்கே அழிக்கணும் டீச்சர். இல்லாட்டி, நாப்பது பேர்ட கையெழுத்தோட இந்தப் பெட்டிசம் கல்விக் கந்தோருக்குப் போகும்!”

நளீம் மனுக் காகிதத்தை விஞ்ஞான அறை மேசையில் அடித்த அடியில் சோக்குக்கட்டிகள் துள்ளி விழுந்தன. கத்தியது அவருக்கே வலித்தது போலும், இடது இடுப்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நெல் மூட்டை சுமந்த மனிதர். போன வருசம் குடல்வால் ஒப்பரேசன் செய்ததிலிருந்து பெட்டிக்கடையோடு இருக்கிறார்.

விஞ்ஞான ஆசிரியை றிஸ்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பின் உறுப்புகளைப் பிள்ளைகள் கம்பியூட்டரில் விளையாடியே படிக்கிற மென்பொருளைத்தான் அவர் அழிக்கச் சொல்கிறார். ஆறு மாதம் பாடுபட்டு, தன் குரலையே பதிந்து அவள் செய்தது. நாளைக்கு அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் கல்முனையில் எல்லாப் பாடசாலைக்கும் போகும். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்க வந்து நிற்கிறார் இந்த மனிதர்.

“அப்பிடி என்ன அசிங்கம், நளீம் நானா?”

“ரெண்டு பொம்புளப் புள்ளையப் பெத்தவன் நான். மூத்தவளுக்கு வீடும் குடுத்துக் கட்டி வெச்சிட்டன். இளையவள் மின்ஹா இதப் பாத்திட்டு வீட்டுக்கு வந்து கண்டதையும் கேக்கிறாள்!”

“என்ன கேட்டாள்?”

“அதெல்லாம் வாயால சொல்ல ஏலா. ஹறாம்!”

றிஸ்லா கம்பியூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் இருந்த பையன் முழங்கால் வரை காற்சட்டை போட்டிருந்தான். “எங்க அசிங்கம்? விரல வெச்சிக் காட்டுங்க பாப்பம்.”

நளீம் திரையைப் பார்க்கவே இல்லை. படத்தைக்கூடப் பாராமல் பெட்டிசம் எழுதுகிற சாதி என்று அவள் மனதுக்குள் திட்டினாள். மகளை வைத்தே இவர் மூக்கை உடைக்க வேண்டும். எட்டிப் பார்த்து, பக்கத்து ஆறாம் வகுப்பிலிருந்து மின்ஹாவைக் கூப்பிட்டாள். நாளைக்கு அதிகாரிகள் முன்னால் செய்து காட்டப்போகிறவளும் அவள்தான்.

“மகள், வாப்பாக்கு விளையாடிக் காட்டுங்க.”

“வேணாம்! மின்ஹா, வெளியில போ!”

“இது என்ட வகுப்பு நானா. இங்க நான் சொல்றதுதான்.”

மின்ஹா அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டாள். இதயத்தை வைத்தாள், ஈரலை வைத்தாள், இரண்டு சிறுநீரகங்களையும் முதுகுப் பக்கம் வைத்தாள். ஒவ்வொரு முறையும் றிஸ்லாவின் குரல், “சரி, கெட்டிக்காரி!” என்றது. கடைசியாகக் குடல்வாலை அடிவயிற்றின் வலப்பக்கத்தில் வைத்தாள்.

“சரி, கெட்டிக்காரி!”

மின்ஹா திரும்பினாள். “டீச்சர், குடல்வால் வலப்பக்கம்தானே இரிக்கி? வாப்பாக்கு இடப்பக்கம், பின்னால வெட்டியிரிக்கி. அது சிறுநீரகம் இரிக்கிற இடம்தானே? கேட்டா வாப்பா ஏசுறார்.”

வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்த றிஸ்லா, நளீமைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. உதடு மட்டும் சத்தமில்லாமல், ‘வேணாம் டீச்சர்’ என்றது.

வீடு கொடுக்காமல் பெண் கொடுக்க முடியாத ஊர் இது. மூன்று வருசமாகச் சுவரோடு நின்ற வீட்டுக்கு, நளீம் கொழும்பில் ஒப்பரேசன் முடித்து வந்த மறுமாதமே கூரை ஏறியது. மூட்டை தூக்குகிறவருக்கு இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று ஊரே மூக்கில் விரல் வைத்தது. றிஸ்லாவும்தான் வைத்தாள். அந்த வீட்டுக் கல்யாணத்தில் சோறும் தின்றாள்.

“கம்பியூட்டர் பிழையாச் சொல்லாதுதானே டீச்சர்?” மின்ஹா விடுவதாக இல்லை. “நாளைக்கு வாற சேர்மாருக்கிட்டயும் கேக்கட்டா?”

றிஸ்லா ஆறு மாத உழைப்பை ஒருமுறை பார்த்தாள். பிறகு கம்பியூட்டரை நிறுத்தினாள்.

“கேக்க வேணாம் மகள். நான்தான் குடல்வாலப் பக்கம் மாத்தி வெச்சிட்டன்.”