நீலப் புள்ளி

“உங்கப்பா வாய் கூசாம பொய் சொல்றாருங்க!”

மனைவி போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இப்பதான் பேசினார். வீட்ல செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன்னார். மேப்பைப் பாருங்க. நீலப் புள்ளி நம்ம எதிர்ல இருக்கற பூங்காவுல நிக்குது. மருமக என்ன பண்றான்னு வேவு பார்க்கறாரா?”

அவன் சோபாவில் படுத்தபடியே சிரித்தான். போன் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவனுக்கு வேலையே இந்தக் கோளாறோடு மல்லுக்கட்டுவதுதான்.

“பழியை அப்பா மேல போடாதே, போன் மேல போடு. அவர் வீட்ல சிக்னல் கம்மி. பேசும்போது, டவருக்குக் கேக்கணுமேன்னு போன் தொண்டை கிழியக் கத்தும். சாட்டிலைட் குரலோ வானத்துலேர்ந்து வர்ற கிசுகிசுப்பு. இந்தக் கத்தல்ல அது எங்கே காதுல விழும்? தான் எங்கே இருக்கோம்னே தெரியாம, டவர் இருக்கற இடத்துலயே புள்ளியை வெச்சிடும். டவர் பூங்கா ஓரத்துலதானே நிக்குது?”

“என்னவோ போங்க. அப்பாவை விட்டுக்கொடுக்கவே மாட்டீங்களே!”

அவனுக்குச் சுருக்கென்றது.

அம்மா போன பிறகு அப்பா பாலத்துக்கு அந்தப் பக்கம், பழைய வீட்டில் தனியாக இருந்தார். ஒருமுறை மயங்கி விழுந்ததும், இருக்கும் இடமாவது தெரியட்டும் என்று ஆபீஸ் போன் ஒன்றை அவன்தான் கொடுத்திருந்தான். ‘எங்களோடு வந்து இருங்க’ என்று கூப்பிடத்தான் வாய் வரவில்லை. சின்ன வீடு, கைக்குழந்தை, வேலை நெருக்கடி. காரணத்துக்கா பஞ்சம்?

அப்பா வாரா வாரம் கேட்பார்.

“குட்டி கண்ணுலயே நிக்கறாப்பா. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போகட்டுமா?”

“ஆபீஸ்ல இருக்கேன்ப்பா. வேலை தலைக்கு மேல. அடுத்த வாரம் பார்க்கலாம்.” டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொண்டே சொல்வான்.

“அதுக்கென்னப்பா, வேலைதான் முக்கியம். குட்டி நடக்கறாளா?”

“தத்தக்கா பித்தக்கான்னு நடக்கறா.”

“ம்…”

அந்த ‘ம்’முக்குப் பிறகு அப்பா போனை வைக்க ரொம்ப நேரமாகும்.

மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதில் கோளாறுக்கு ஒரு வழி பிறந்தது. போன் கத்துகிற கணத்தில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்; மூச்சு வாங்குகிற இடைவெளியில் காதைத் திறந்து சாட்டிலைட்டைக் கேட்க வேண்டும். சொல்வதற்கு எளிது. செய்து முடிப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்பாவின் போனிலும் புது சாஃப்ட்வேர் ஏறியது.

“இனிமே பாரு, பேசும்போதும் புள்ளி அவர் வீட்டு வாசலை விட்டு அசையாது,” என்று மனைவியிடம் மார்தட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா கூப்பிட்டார்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“வீட்லதான். நீ?”

“ஆபீஸ்ல.”

“ஞாயித்துக்கிழமையுமா? சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுப்பா.”

பேசிக்கொண்டே மேப்பைத் திறந்தான்.

புள்ளி டவரில் இல்லை. அப்பாவின் வீட்டு வாசலிலும் இல்லை. பூங்கா வேலியோரமாக மெல்ல நகர்ந்து, கடைசி பெஞ்சில் போய் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

‘சே, இன்னும் சரியாகலையே!’

எரிச்சலோடு எழுந்து பால்கனிக்கு வந்தான். அங்கே மனைவி, கம்பியைப் பிடிக்கவைத்துக் குட்டியை நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம், வேலியோரக் கடைசி பெஞ்சில், அப்பா.

சட்டை தொளதொளவென்று தொங்கியது. காதில் போன். கண் மொத்தமும் குட்டியின் கால்களில். அவள் ஓர் அடி வைத்துத் தள்ளாடும்போதெல்லாம், பிடிக்கப் போகிறவர் மாதிரி அவர் கை தானாக முன்னால் நீண்டு மடங்கியது.

அந்தக் கண் மெல்ல நிமிர்ந்து, அவன்மேல் வந்து நின்றது.

அவன் போனை மறுபடி காதில் வைத்தான்.

“அப்பா…”

“சரிப்பா, ஆபீஸ்ல வேலையா இருப்பே. நான் தொந்தரவு பண்ணல, வெச்சிடறேன்,” என்றார் அப்பா, பால்கனியில் நின்ற மகனை நேருக்கு நேர் பார்த்தபடியே.