நீலம் பூசிய கைப்பிடி

"அந்த நாற்காலியில பெயிண்டு பட்டுச்சுன்னா கையை ஒடிச்சிருவேன்" என்று வெள்ளத்துரை மருமகள் சண்முகசுந்தரியிடம் சொல்லித்தான் வைத்திருந்தார். அந்தக் காலத்துத் தேக்கு. அதில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணனைத்தான் சுடலைக்கண்ணுவும் கூட்டாளியும் வெட்டிப் போட்டார்கள். குறி தவறிய அரிவாள் ஒன்று கைப்பிடியைப் பிளந்திருந்தது. கோர்ட்டு இருவரையும் விட்டுவிட்டது. பழி தீராமல் அந்தப் பிளவை மூடுவதில்லை என்று வெள்ளத்துரை சத்தியம் செய்திருந்தார்.

அவர் உப்பளத்துக்குப் போன நேரம் பார்த்து, சண்முகசுந்தரி பிளவில் பட்டி வைத்துத் தேய்த்து, நீல பெயிண்ட் அடித்துவிட்டாள். திரும்பி வந்தவர் கையை ஓங்கினார். அப்போது போன் அடித்தது; அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஏரல் சந்தைக்குப் போயிருந்த மகன்.

"யப்பா, சுடலைக்கண்ணுவ வெட்டிட்டாங்க! ஆளு யாருன்னே தெரியல. வெட்டுக்குள்ள ஒரு தேக்குச் சில்லு கெடக்கு, காயாத நீல பெயிண்டோட."

இருவரும் நாற்காலியைப் பார்த்தார்கள். கைப்பிடியில் நீலத்தைப் பிளந்துகொண்டு புது வெட்டு. ஒரு சில்லைக் காணோம்.

"மாமா, எல்லாத்தையும் சுரண்டி பழையபடி ஆக்கிருதேன்" என்றாள் அவள்.

வெள்ளத்துரை ஓங்கிய கையை இறக்கினார்.

"சுரண்டாதளா. பட்டி மிச்சம் இருக்கா? இன்னொருத்தன் தருவைகுளத்துல இருக்கான்."