சமாதானத் தட்டு

புருஷோத்தமன் பழத்தட்டை நீட்டிக்கொண்டு நின்றான்.

ஆறு ஆப்பிள், நாலு சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, மேலே ஒரு மஞ்சள் சேலை. பெண் கேட்டு வந்தவன் மாதிரி வெள்ளை வேட்டி வேறு.

எதிரே நாற்காலியில் சரண்யா உட்கார்ந்திருந்தாள். எங்கள் நர்ஸ்களில் அவள்தான் சின்னவள், இருபத்தாறு வயது. அந்தத் தட்டை அவள் வாங்கிவிட்டால் கேஸ் முடிந்தது. இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். தட்டு கைமாறிவிட்டால் அப்புறம் யாரும் ஸ்டேஷன் வாசலை மிதிக்கக் கூடாது.

வாபஸ் கடிதம்கூட டைப் அடித்து மேஜையில் தயாராக இருந்தது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ் என்பதால் டாக்டர் காசிலிங்கம் தன் அறைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்.

புருஷோத்தமனுக்கு மரக்காணத்தில் நாற்பது ஏக்கர் உப்பளம். கொரோனா இரண்டாவது அலையில் அவன் அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது எங்களிடம் இருந்தது இரண்டே ஆக்சிஜன் சிலிண்டர். இரண்டும் வேறு இரண்டு பேருக்கு ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒருத்தி அவன் பாத்தியில் உப்பு வாருகிற கூலிக்காரி.

அவளுக்கு வைத்திருந்ததைப் பிடுங்கி அப்பாவுக்கு வைக்கச் சொன்னான். சரண்யா மாட்டேன் என்றாள்.

பெரியவர் செத்துப்போனார். இந்த வீரன் ட்ரிப்ஸ் ஸ்டாண்டைத் தூக்கி அவள் தோளில் அடித்தான். கவச உடையைக் கிழித்தான். மாஸ்க்கைப் பிடுங்கி, உனக்கும் வரட்டும் என்று முகத்தில் துப்பினான்.

வந்தது. பதினான்கு நாள் அதே வார்டில் தோளில் கட்டோடு கிடந்தாள்.

அவன் அடித்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தது பதினோரு பேர். போலீஸ் வந்து கேட்டபோது பதினோரு பேருக்கும் வேறெங்கோ வேலை இருந்ததாம். ஒருவர் கண்ணிலும் எதுவும் படவில்லையாம். வெட்கம் கெட்ட ஜென்மங்கள். கேமராவாவது ஓடியிருக்கலாம், அதுவும் அன்றைக்குப் பார்த்து ஓடவில்லை.

பிறகு அவளுக்கு ஒரு கவுன்சலிங் நம்பர் கொடுத்தார்கள். தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொன்னாளாம் போனில் பேசியவள். கண்ணை மூடினால்தான் அவன் வருகிறான் என்று சரண்யா சொல்லியிருக்கிறாள். சரி, அப்படியானால் திறந்துகொண்டே உட்காருங்கள் என்றாளாம். இதற்கு ஒரு படிப்பு, ஒரு சம்பளம்.

இப்போது அவளால் ஒரு ஊசி போட முடிவதில்லை. வார்டில் யாராவது குரலை உயர்த்தினால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிடுகிறாள். பிரம்மதேசத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், அவன் உப்பளம் வந்ததும் ஓட்ட முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறாள்.

டாக்டர் கண்ணில் இதெல்லாம் படாது. அவர் கண் முழுக்கத் தலைக்கு மேலே சுற்றும் புது ஃபேனில் இருந்தது. இதே மாதிரி வார்டில் இன்னும் இரண்டு. எல்லாம் புருஷோத்தமன் கொடுத்தவை. இறக்கைக்கு இறக்கை 'உபயம்' என்று எழுதி, செத்துப்போன அப்பா பெயர். ஒரு தோள் எலும்புக்கு மூன்று ஃபேன். சுற்றும்போது படிக்க முடியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

“ஏம்மா சரண்யா, எவ்ளோ பெரிய மனுசன், அவரே வந்து நிக்கிறாரு. வாங்கிக்கம்மா, இத்தோட முடிச்சிக்கலாம்” என்றார் டாக்டர்.

பெரிய மனுசன்.

தட்டிவிடுடி என்று மனசுக்குள் கத்தினேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவள் மேலேயே ஆத்திரமாக இருந்தது. நானாக இருந்தால் இந்நேரம் அத்தனை ஆப்பிளையும் அவன் மூஞ்சியில் எறிந்திருப்பேன்.

சரண்யா தட்டைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

“வசந்தாக்கா, அன்னிக்கு ஸ்டோர் ரூம்ல உள்தாப்பா போட்டுக்கினு நின்னது நீங்கன்னு இன்னி வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. கதவுக் கண்ணாடி வழியா பார்த்தத மட்டும் கோர்ட்ல வந்து சொல்றீங்களா? சொல்றேன்னு சொன்னீங்கன்னா, இந்தத் தட்ட நான் தொட மாட்டேன்.”

டாக்டர் ஏதோ ஃபைலைப் புரட்டத் தொடங்கினார். புருஷோத்தமன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

கோர்ட்டில் அதை மட்டும் கேட்டுவிட்டு அனுப்ப மாட்டார்கள். எங்கே நின்று பார்த்தீர்கள் என்பார்கள். கதவை ஏன் சாத்தினீர்கள், அவள் வந்து தட்டினாளா, எத்தனை முறை தட்டினாள் என்பார்கள்.

ஏழு முறை. என் பெயரைச் சொல்லிச் சொல்லித் தட்டினாள்.

இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. இந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன். வருகிற ஜூனில் ரிட்டயர்மென்ட். பெரிய சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

புருஷோத்தமனின் கை சோர்ந்து தட்டு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

நான் இரண்டு எட்டு வைத்துப் போய், இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டேன்.

பெரியவர்கள் வாங்கினாலும் ஒன்றுதான் என்றார் டாக்டர்.

சரண்யா பேனா கேட்டாள்.