வாசலுக்கு வந்தவன்

நாலாம் மாடிக்காரன் ரத்தம் குடிப்பவன் என்பது அந்த அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியே அவனுக்குக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் அழைக்காமல் எந்த வீட்டு நிலைப்படியையும் தாண்ட மாட்டான். அதனால் யாரும் அவனை அழைப்பதில்லை. ஊரிலிருந்து நேற்று வந்த மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தமயந்தி தள்ளிப்போட்டிருந்தாள்.

இப்போது அவன் வெயில் எட்டாத நடைவழியில், அவள் வீட்டு நிலைப்படிக்கு ஓரடி தள்ளி நின்றான். கையில் அவளுடைய மகன். கதவு திறந்திருந்த நேரம் பார்த்துத் தவழ்ந்து போயிருக்கிறான்.

"லிஃப்ட் கிட்ட கெடந்தான். வாங்கிக்கங்க," என்றான். கையை நீட்டவில்லை. குழந்தை அவன் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, படியில நின்னு பிள்ளைய வாங்காத!" அடுப்படியிலிருந்து மாமியார் கத்தினாள். "யாரு வந்துருக்கா? இரு, வாரேன்."

வாசலுக்கு வந்த யாரையும் உள்ளே கூப்பிடாமல் அந்த மனுஷி விட்டதில்லை. சண்டைக்கு வந்தவளைக்கூட உட்காரவைத்துத்தான் சண்டை போடுவாள். காலடி நெருங்கியது. அவன் சிரித்தான்.

தமயந்தி படி தாண்டி வெளியே வந்தாள். குழந்தையைப் பிடுங்கினாள். அவன் தடுக்கவில்லை. பிள்ளையை உள்ளே தரையில் விட்டுவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

உள்ளிருந்து கைப்பிடி திருகியது. "என்னத்தா இது, வந்தவுகள வெளியவே நிக்க வச்சுக்கிட்டு? கதவத் தெற!"

"பெரியவங்க கூப்பிடுறாங்கல்ல," அவன் அவள் பின்கழுத்தருகே சொன்னான். "விடுங்க."

அவள் இரண்டு கைகளாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.