ஈயும் சேர்த்தி

கண்ணாடிப் பெட்டிக்குள் செத்த நாய் ஒன்று அழுகிக்கொண்டிருக்கிறது. கலைக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு அதையே மொய்க்கிறது. விற்றாகிவிட்டது என்பதற்கான சிவப்புப் பொட்டு காலையிலேயே அதன்மேல் ஏறிவிட்டது. எதிர்ச்சுவரில், காய்ச்சலில் இறந்துபோன ஒரு மகளின் தூங்கும் முகம், ஓவியமாக. அவளுடைய அப்பாவான ஓவியர் மூன்று வருடமாக வரைந்தது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாய்ப் பெட்டியின் மூடியிடுக்கு வழியே தப்பிய ஈ ஒன்று மகளின் இமைமேல் வந்து உட்காருகிறது. ஓவியரின் மனைவி பதறிப்போய்க் கைக்குட்டையை ஓங்குகிறாள். அதற்குள் நாயை வாங்கிய பணக்காரர் கிட்டே வந்து குனிகிறார். "அடடே, உசுரோட இருக்கே! இந்த ஈயும் படத்துல சேர்த்தியா?" விளக்கு வெளிச்சத்தில் ஈ முன்னங்கால்களைத் தேய்த்துக்கொள்கிறது. "சேர்த்திதாங்க" என்கிறார் ஓவியர். பிறகு மனைவியின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, அவள் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொல்கிறார்: "ஓட்டாத. உக்காந்திருக்கட்டும்."