துள்ளும் முள்

“இது புதுத்தட்டுன்னு யாரு சொன்னா? செகண்ட்ஸ் மாலு. அச்சுல பழுதானத வெல கொறச்சு வாங்கி நம்ம தலையில கெட்டியிருக்கானுவ!” என்றார் சுந்தரராஜ்.

கூடத்து மேசையில் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. மூன்றாவது கீர்த்தனையில் மேளம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் முள் துள்ளியது. ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரியில் போய் விழுந்தது.

கொட்டாரம் ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் தந்த அன்பளிப்பு அது. மாமனாருக்கு இசைத்தட்டு என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, மாப்பிள்ளை ஷாஜனே தேடி வாங்கியது. துள்ளுகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பியதும் வேறொன்று வந்தது, உறை பிரிக்காமல். அதுவும் அதே இடத்தில் துள்ளியது.

“ஒரு பாட்டுத்தட்டுக்குப் போயி இப்பிடிப் பேசலாமாப்பா?” என்றாள் மகள் பெமிலா, தட்டைத் துணியால் ஒற்றியபடி. “நாளைக்குச் சபையில, இன்னாருக்கு இன்னாரோட கல்யாணம்னு அறிக்கை வாசிக்கப் போறாவ.”

“அதுக்குத்தான் மக்களே பாக்கேன். நம்ம குடும்பம் குடுத்த வாக்க மாத்தாது. நீ அழுதாலும் மாத்தாது, நான் செத்தாலும் மாத்தாது. ஆனா குத்தம் அவனுவ பக்கம்னா அறிக்கைக்கு முன்னாலயே தெரியணும். தட்டுல ஏமாத்துதவன் படிப்புல ஏமாத்த மாட்டானா? வேலையில ஏமாத்த மாட்டானா?”

பெமிலா தட்டை உறைக்குள் போட்டாள்.

மாலையில் ஷாஜனும் அவன் அப்பா ஜெபமணியும் வந்தார்கள். வைத்த காப்பியை யாரும் தொடவில்லை.

“சம்மந்தி, நீங்க திருப்பிவிட்ட தட்டு எங்க வீட்டுல ஒரு தடையும் இல்லாமப் பாடுது,” என்றார் ஜெபமணி. “ஒருவேள உங்க மெஷின்ல…”

“எனக்க மெஷினா?” சுந்தரராஜ் எழுந்து நின்றார். “எம்மவன் டெனிஷ் மஸ்கட்டுல இருந்து கொண்டுவந்தது ஓய்! எனக்க வீட்டுச் சாமானத்தக் குத்தம் சொல்லுதியளா? பெமிலா, தாத்தாவுக்க பழைய தட்டப் போடு.”

சுந்தரராஜின் கை நடுங்கும். அதனால் தட்டை மாற்றுவதும் முள்ளை வைப்பதும் எப்போதும் பெமிலாதான். அவள் பழைய தட்டை வைத்து, குனிந்து, முள் பிடித்த தண்டையும் அதன் பின்முனை எடையையும் சரிசெய்து இறக்கினாள். பழைய பாட்டு ஓர் இடத்திலும் இடறாமல் பாடி முடித்தது.

பிறகு புதுத்தட்டு. அதே போலக் குனிந்தாள், அதே கவனத்தோடு தண்டைச் சரிசெய்தாள். மூன்றாவது கீர்த்தனை வந்தது. முள் துள்ளியது.

“கேட்டியளா? எங்க அப்பா காலத்துத் தட்டு பாடுது. உங்க புதுசு துள்ளுது. இப்பச் சொல்லும், பழுது யாரு வீட்டுல?”

ஜெபமணியின் முகம் கறுத்தது. “ஏலே ஷாஜா, இத எங்கலே வாங்கின? உள்ளதச் சொல்லு.”

ஷாஜன் தலையைக் குனிந்துகொண்டான்.

“பாத்தியளா! களவு இல்லேன்னா வாய் தொறக்க மாட்டானா?”

“போரும் ஓய்!” ஜெபமணி தோள்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “எம்மவன் தட்டு வாங்கத் தெரியாதவனா இருக்கலாம். அவனக் கள்ளன்னு சொன்ன வீட்டுல எங்களுக்குச் சம்மந்தம் வேண்டாம். வாலே!”

“எங்களுக்கும் வேண்டாம்!”

அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை சுந்தரராஜ் வாசலில் நிமிர்ந்து நின்றார். பிறகு, அறிக்கை வாசிக்க வேண்டாம் என்று போதகருக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வாக்கு மாறியவர் என்று இனி ஒருவரும் அவரைச் சொல்ல முடியாது. குடும்ப மானம் தப்பிவிட்டது.

கூடத்தில் தனியாக நின்ற பெமிலாவின் செல்போன் ஒளிர்ந்தது. ஷாஜன்தான் அனுப்பியிருந்தான்.

“ஏட்டி, ரெண்டுபேரும் தப்பிச்சாச்சு! இனி நான் எனக்க ஜிஷாவக் கெட்டலாம், நீ உனக்குப் பிடிச்சவனக் கெட்டலாம். நான் சொல்லித்தந்தபடி, முள்ளு அழுத்தம் கொறைஞ்சு துள்ளுததுக்காக நீ தண்டுக்குப் பின்னால தள்ளிவச்ச அந்த எடைய, மறக்காம பழையபடி திருகி வச்சிரு. இல்லேன்னா மாமாவுக்க நல்ல தட்டும் துள்ளும்.”