கழிக்காமல் விட்ட எடை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யாருக்கு என்ன எடை என்று குறித்துக்கொள்வது எஸ்தரின் வேலை. இந்த வீட்டுக்கு இருபத்திரண்டு வருடமாக வருகிறாள். முதல் தடவை வந்தபோது சௌமியா பிறந்து எட்டு நாள். பூங்காவனம் மகளை ஏந்திக்கொண்டு எடை மெஷினில் ஏறினாள். பிறகு குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுத் தனியாக ஏறினாள். கழித்தால் மூன்று கிலோ.

அந்த வீட்டில் இன்றும் அவர்கள் இருவர்தான். வியாழக்கிழமை சௌமியாவுக்குக் கல்யாணம். அடுத்த முறை அவள் பெயருக்கு எதிரே ‘திருமணமாகி வெளியூர்’ என்று எழுதவேண்டும்.

“ஏறும்மா சௌமியா,” என்றாள் எஸ்தர்.

“இருங்கக்கா, அன்னிக்கு எடுத்த மாதிரியே எடுத்துடலாம்.” நெல் மூட்டை தூக்கிப் பழகிய பூங்காவனம், மகளை அப்படியே அள்ளிக்கொண்டு மெஷினில் ஏறிவிட்டாள்.

“ஐயோ, விடும்மா! இடுப்பு புடிச்சுக்கும்!” என்று கத்திய சௌமியா, விழுந்துவிடும் பயத்தில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பயம் போன பிறகும் அந்தக் கைகள் கழுத்தை விடவில்லை. முள் ஆடிக்கொண்டே இருந்தது. ஆடாமல் நிற்கச் சொல்ல எஸ்தருக்கு மனம் வரவில்லை. நூற்றெட்டில் அது நின்றதும் எழுதிக்கொண்டாள்.

“இப்ப நீ மட்டும் ஏறு பூங்காவனம். கழிக்கணுமில்ல?”

மகளை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிய பூங்காவனம், மெஷினைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள்.

“இப்ப வேணாங்க்கா. அடுத்த வாட்டி நீங்க வர்றப்ப நான் தனியாத்தான இருப்பேன். அப்ப ஏறுறேன்.”